ஜிகினாச் சுறாவின் இரண்டாவது கேசட்

சிலுவைத்துறையில் யாரிடமாவது ரெமிஜியுஸின் குரல் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், தரையைக் கையால் காட்டுவார்கள். சங்கு குளிக்கிறவர்களிடம் கேட்டால் அதற்கும் கீழே என்பார்கள். செத்துப்போன மனுசனைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் இருக்கிறான். காலையில் ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான், மத்தியானம் வந்து சாளைக்குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறான். குரல் மட்டும்தான் இறங்கிப் போனது. அதை இறக்கி அனுப்பியது நாங்கள், பிரியத்தினால்தான் அனுப்பினோம், அதனால்தான் இன்றைக்கும் யாருக்கும் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

ரெமிஜியுஸின் சிநேகிதன் கிராசியான் கப்பல் வேலைக்குப் போய் மூன்று வருசம் கழித்துத் திரும்பினபோது, எல்லாரும் போல செண்டு பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவராமல், சிவப்பு நிறத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிதாரும் ஒரு பை நிறையக் கேசட்டும் கொண்டுவந்தான். அந்தக் கேசட் அட்டைகளில் வெள்ளைக்கார ஆம்பிளைகள் உதட்டுச்சாயம் பூசி, கண்ணுக்கு மை தீட்டி, தலைமுடியைச் சேவல்கொண்டை மாதிரி எழுப்பி, தொடையோடு ஒட்டிய மினுமினுப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். இதற்குக் கிளாம் மெட்டல் என்று பேர், உலகமே இப்போது இதைத்தான் கேட்கிறது என்று கிராசியான் சொன்னான். அப்படியானால் நாமும் செய்வோம் என்று ரெமியும், ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற இரட்டைப்பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். உமிமூட்டை அடுக்கின ஐஸ் கிடங்குக்குள் நின்று அடித்தால் வெளியே சத்தம் கேட்காது என்பதால் பழக்கமெல்லாம் அங்கேதான் நடந்தது, பாடிப் பாடி வாயில் புகை வரும், உதட்டுச்சாயத்துக்குக் கீழே உதடு நீலமாக இருக்கும்.

முடி எழும்புவதற்கு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துத் தடவி வெயிலில் நின்றார்கள், ஈ மொய்த்தது. காற்சட்டையை ரெமிக்குப் பேசி வைத்திருந்த எமரென்சியா தைத்துக் கொடுத்தாள், மாதா சப்பரத்துக்கு எடுத்து மிஞ்சின நீலச் சாட்டினில். முதல் கச்சேரி அன்றைக்குப் பங்குச் சாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து நான்கு பேருடைய கால்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாதாவுக்குப் போக மீதியைத்தான் கொடுத்தோமா, மாதாவிடமிருந்து திருப்பி வாங்கினோமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாராம். இசைக்குழுவுக்குக் கிளிட்டர் ஷார்க்ஸ் என்று அவர்கள் வைத்த பேர் எங்கள் வாயில் நிற்கவில்லை, ஜிகினாச் சுறா என்று ஆக்கிக்கொண்டோம். முதல் கேசட்டில் எல்லாம் மோட்டார் பைக்கும் பெண்ணும்தான். நான்கு பேரில் ஒருவனிடமும் சைக்கிளைத் தவிர வேறெதுவும் இல்லை என்றாலும் ரெமியின் குரல் அப்படி ஏறும், ஏறி உச்சியில் நின்று உமிமூட்டையையும் மீறி ஒரு குலுக்குக் குலுக்கும், கிடங்கின் தகரத்தில் உட்கார்ந்திருக்கும் காக்கைகள் அத்தனையும் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்காரும். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

கிராசியானுக்குப் போதவில்லை. கப்பல் சிநேகிதர்கள் எழுதின கடிதங்களைப் பார்த்துவிட்டு, அங்கேயெல்லாம் மினுக்கு முடிந்துபோய்விட்டது, முகத்தைக் கழுவிவிட்டார்கள், தந்தியைத் தளர்த்திவிட்டார்கள், நாமும் சத்தத்தை மாற்றாவிட்டால் திருவிழாக் கோமாளிகளாகவே இருந்துவிடுவோம் என்று சொல்லி, சிவப்புக் கிதாரின் ஆறு தந்திகளையும் தளர்த்தினான். தளர்த்தின தந்தி தவளை மாதிரிக் கத்தியது. மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் மூன்று நாள் வாடகைக்கு எடுத்து இரண்டாவது கேசட்டைப் பதியப் போனபோது, ரெமியால் அந்தத் தந்திக்கு இறங்க முடியவில்லை. முதல் நாள் முழுக்கக் கிராசியான் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து “இறங்கி வா மக்கா, இறங்கி வா” என்று சொல்லிக்கொண்டே இருந்தான், ரெமியின் குரல் கழுத்திலேயே சிக்கிக்கொண்டு நின்றது.

ரெமியின் அப்பா சங்கு குளித்தவர். பன்னிரண்டு பாகம் போவார், அதாவது இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அது மாதிரிப் பன்னிரண்டு மடங்கு ஆழம். நீ இறங்கப் பார்க்காதே, காலில் கட்டின கல் இறங்கட்டும், நீ கூடப் போ, என்று அவர் சொல்லிக் கொடுத்திருந்தது இரண்டாம் நாள் காலையில் ரெமிக்கு ஞாபகம் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு குரலை எங்கேயும் தள்ளாமல் விட்டான். அது போனது. பத்துப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடி முடித்து வெளியே வந்து, மூக்கில் ரத்தம் வருகிறதா என்று குளித்தெழுந்தவன் மாதிரித் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கேசட்டுக்குப் ‘பன்னிரண்டு பாகம்’ என்று பேர் வைத்தார்கள்.

முன்னூறு கேசட் திருவிழாக் கடையில் வைத்து விற்றார்கள். அட்டையில் நான்கு பேரும் எண்ணெய் தேய்த்துப் படிய வாரின தலையோடு, சாயமில்லாத உதட்டோடு, கறுப்புச் சட்டையில் நின்றதைப் பார்த்து, பெண்பிள்ளைகளுக்கெல்லாம் பெரிய ஏமாற்றம். பொண்ணு பார்க்கப் போன மாப்பிள்ளைகள் காப்பி கிடைக்காமல் திரும்பின மாதிரி இருக்கிறார்கள் என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் போட்டுக் கேட்டவர்கள், இது என்ன எழவு வீட்டுச் சத்தம் என்று நிறுத்தினார்கள். ஆனாலும் வாங்கின பண்டம் அல்லவா, இரண்டாம் தடவை போட்டார்கள். இரண்டாம் தடவை பாட்டு கொஞ்சம் இறங்கியிருந்தது, கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. மூன்றாம் தடவை இன்னும் கொஞ்சம் இறங்கியது. அப்போது அடுப்படியில் நின்றவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

முதலில் பேட்டரிக் கட்டை தீர்ந்துவிட்டது என்று ஆளாளுக்குப் புதுக் கட்டை வாங்கிப் போட்டார்கள். பிறகு டேப்புக்குள் இருக்கிற ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார்கள். ரேடியோ ரிப்பேர்க்காரர் வேறு கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, ரெமியின் கேசட்டையே மறுபடி ஓடவிட்டு, மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரெமி கடைக்கு வந்து, அண்ணாச்சி ஒரு பல்பு கொடுங்க என்றான். கடையில் நின்றவர்கள் டேப்பையும் பார்த்தார்கள், அவனையும் பார்த்தார்கள், இரண்டு குரலும் ஒரே ஆழத்தில் இருந்தன. கேசட் எத்தனை தடவை ஓடுகிறதோ, எந்த வீட்டில் ஓடினாலும், அத்தனை மயிரிழை அவனும் இறங்குகிறான் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்துபோனது.

தெரிந்த பிறகும் நாங்கள் பெரிதாக அதிசயப்படவில்லை. ஒருத்தனுக்கு முடி நரைக்கிறது, ஒருத்தனுக்குப் பல் விழுகிறது, இவனுக்குக் குரல் இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டோம். ரெமியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். மேடையில் பழைய பாட்டைப் பாடச் சொன்னால் சிரித்துக்கொண்டே தரையைக் காட்டுவான். எங்களுக்குத்தான் கேட்காமல் இருக்க முடியவில்லை. இறங்க இறங்க அந்தப் பாட்டு அப்படி ஆகிக்கொண்டே போனது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீங்கள் அழுது முடித்த பிறகு நெஞ்சுக்குள் ஒரு இடம் காலியாகிக் குளிர்ந்து கிடக்குமே, அங்கே வந்து உட்காரும். சண்டை போட்ட அண்ணன் தம்பிகள் ஒரே டேப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தூங்காத பிள்ளை தூங்கியது. கப்பலுக்குப் போகிறவர்கள் பெட்டியில் வேட்டிக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனார்கள், ஒன்றுக்கு நான்காகப் பிரதி எடுத்தும் கொண்டுபோனார்கள்.

அந்த வருசம்தான் எமரென்சியாவுக்கு ரெமியோடு கல்யாணம் ஆகி, அவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தால் கோயிலில் ஞானஸ்நானப் பேர் வைப்பதற்கு முன்னால், அப்பன் பிள்ளையின் வலது காதில் ஒரு பேரைச் சொல்ல வேண்டும். சொல்கிற வரைக்கும் பெண்சாதிக்குக்கூட அந்தப் பேர் தெரியக்கூடாது, பிள்ளை கேட்ட பிறகுதான் தாய்க்கு. கடலில் வழி தப்பினால் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், கோயில் பேருக்குக் கடல் விடாது என்பார்கள். எமரா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். இறங்குகிற வேகத்தில் போனால் பிள்ளை பிறக்கிறபோது அவனிடம் சொல்லக் குரல் இருக்காது.

அவள் ஊர்க் கமிட்டிக்கு வந்தாள். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

“நான் உங்க யாரையும் குறை சொல்ல வரலை. எனக்கு ஆறு மாசம் வேணும். எம்புள்ள காதுல அதோட அப்பா ஒரு பேரைச் சொல்லுத வரைக்கும் அந்தக் கேசட்டைப் போடாதீய. அதுக்குப் பொறவு தேஞ்சா தேஞ்சுட்டுப் போவுது,” என்றாள். போகத் திரும்பினவள், “எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, அவுக கையால குடுத்தது. இன்னும் கண்ணாடித் தாளுகூடப் பிரிக்கலை. நான் ஒரு தடவைகூடக் கேட்டது கெடையாது,” என்றாள்.

எல்லாருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. சனிக்கிழமை விடியற்காலைப் பூசை முடிந்ததும் ஊரில் இருக்கிற அத்தனை கேசட்டும், பிரதிகளும் சேர்த்து, கோயில் உடுப்பறைக்கு வந்துவிட வேண்டும், உபதேசியார் தஸ்நேவிஸ் வாங்கிப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வார் என்று தீர்மானம் ஆனது. ஒருவர் மறுக்கவில்லை. சனிக்கிழமை, பிரிக்காமல் கிடந்த எமராவுடையதைத் தவிர, ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாரும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. நாளைக்குக் கொடுத்துவிட்டால் ஆறு மாசம் கேட்க முடியாதே, கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை கேட்டுவிடுவோம், ஒரு தடவையில் என்ன ஆகிவிடப் போகிறது, மற்றவர்கள் யாரும் போடமாட்டார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்தோம். கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போட்டோம். நானும்தான் போட்டேன். அந்த ஒரே சாயங்காலத்தில் இருநூற்றுச் சொச்சம் வீடுகளில் பத்துப் பாட்டும் முழுதாக ஓடின. மறுநாள் காலையில் ரெமி டீக்கடையில் வந்து உட்கார்ந்து சீனி கம்மியாக என்று சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அடியில் மட்டும் குறுகுறுவென்று ஏறியது.

அதற்குப் பிறகு நாங்கள் அவனோடு பேசப் பழகிக்கொண்டோம். டீக்கடைக்காரர் அவன் முன்னால் நிறையத் தண்ணீர் ஊற்றின டம்ளரை வைத்துவிடுவார், ஒரு வளையம் வந்தால் டீ, இரண்டு வளையம் வந்தால் காப்பி. மளிகைக் கடையில் தட்டில் அரிசி பரப்பி வைத்தார்கள், அவன் சொல்லச் சொல்ல அரிசி நகர்ந்து கோலம் போல் நிற்கும், இது துவரம்பருப்பு, இது தேங்காயெண்ணெய் என்று கடைக்காரர் ஒரு வாரத்தில் படித்துவிட்டார். சாமியார் அவன் பாவங்களைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்தை மரத்தட்டியில் உள்ளங்கையை வைத்துக் கேட்டார், பக்கத்தில் நிற்கிற யாருக்கும் காதில் விழாததால் இந்தப் பங்கிலேயே ஒழுங்கான பாவசங்கீர்த்தனம் இவனுடையதுதான் என்று சொல்லிச் சிரித்தார். எலி தொந்தரவு இருக்கிற வீட்டில் அவனை உட்காரவைத்து ஜெபமாலை சொல்லச் சொன்னார்கள், எலிகள் வரிசையாக வெளியேறின. எமரா மட்டும் பாயில் படுத்துக்கொண்டு முதுகை அவன் நெஞ்சோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். நல்லாக் கேக்குதா என்று யாராவது விசாரித்தால், இன்னைக்கு வரைக்கும் கேக்குது என்பாள்.

கேசட்டெல்லாம் பூட்டிக் கிடந்தும் அவன் இறங்குவது நிற்கவில்லை. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம் எமரா நேராக உபதேசியாரிடம் போய்க் கேட்டாள். தஸ்நேவிஸ் பொய் சொல்லத் தெரியாத மனுசர். கடற்கரை உப்புக்காற்றில் நாடாவை ஓட்டாமல் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடித்துவிடும், அதற்குள்தானே ரெமியின் குரல் இருக்கிறது, அது அழிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, பூட்டின நாளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓடவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாசத்தில் ஒரு சுற்று முடியும், மறுபடியும் முதலிலிருந்து.

“சத்தத்தைச் சுத்தமா அணைச்சுட்டுத்தாம்மா போட்டேன்,” என்றார். “ஒரு காதுலயும் விழலை. ஏங்காதுலகூட விழலை. பக்கத்துல உக்காந்து ஜெபமாலைதான் சொல்லிட்டிருந்தேன். கேக்காமப் போட்டா போட்டதாகுமா?”

எமரா அவரைத் திட்டவில்லை. அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

அவர் நிறுத்திவிட்டார். அப்புறமும் கடிதங்கள் வந்தன. எங்கள் பையன்கள் எந்தெந்தக் கப்பலிலோ இருந்துகொண்டு எழுதினார்கள். இந்த வாரம் புயலில் மாட்டிக்கொண்டோம், எல்லாரும் கீழே உட்கார்ந்து ரெமி அண்ணன் பாட்டைத்தான் போட்டோம், பிலிப்பைன்ஸ்காரன்கூட அழுதான், அவனுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன், ரெமி அண்ணன் சௌக்கியமா, என்று. எமரா ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டாள், போடாதீர்கள் என்று. அவள் கடிதம் ஒரு துறைமுகத்துக்குப் போய்ச் சேருமுன் கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போயிருந்தது. பிலிப்பைன்ஸ்காரனுக்கு எந்த முகவரியில் எழுதுவது.

கிராசியான் ஒருநாள் கிதாரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தான். தந்திகளைப் பழையபடி இறுக்கினால் ஒருவேளை ரெமியும் ஏறுவான் என்று வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முறுக்கினான், ஒவ்வொன்றாக அறுந்தது. ஆறாவது அறுந்து அவன் கன்னத்தில் கீறினது. ரெமி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கையைப் போட்டு என்னமோ சொன்னான், கிதாரின் வெறும் மரம் மட்டும் அதிர்ந்தது. கிராசியான் எமராவைப் பார்த்து, “மைனி, எறங்கச் சொன்னது நாந்தான். ஏறச் சொல்ல எனக்குத் தெரியலையே,” என்றான்.

பிள்ளை ஒரு வியாழக்கிழமை மத்தியானம் டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தது, பொண்ணு. வார்டு வாசலில் ஊரே நின்றது. ரெமி பிள்ளையை வாங்கி, வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தான். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எமராவின் கட்டிலோரத்து டம்ளரில் தண்ணீர் ஒரு வளையம், அதற்குள் ஒரு வளையம், அதற்குள் ஒன்று என்று எழும்பி நின்றது, ஜன்னல் கம்பி ஒருமுறை முனகியது, வீல் வீலென்று அழுதுகொண்டிருந்த பிள்ளை நிறுத்திவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி, கூப்பிட்டது தெரிந்த ஆள் மாதிரி, முகத்தை அவன் பக்கம் திருப்பியது.

இப்போது தாய்க்குச் சொல்ல வேண்டும். எமரா அவன் நெஞ்சில் காதை வைத்தாள், அதிர்வு வந்தது, பேர் வரவில்லை. நர்ஸ் பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தாள். ரெமி பேனாவை வாங்கி எழுதினான்: ‘நான் நினைத்து வைத்திருந்த பேர் ரோசலின். காதில் சொல்லும்போது வேறே பேர் வந்துவிட்டது. அது அங்கே அடியில் இருக்கிற பேர். எழுத்தில் வரமாட்டேன் என்கிறது.’

கோயிலில் செலஸ்தினா என்று எழுதிக்கொண்டார்கள்.

செலஸ்தினா வளர்ந்தாள். தெருவில் விளையாடிக்கொண்டிருப்பாள், திடீரென்று கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவாள், அப்பா கூப்பிடுகிறார் என்பாள். அப்பன் ஐஸ் கம்பெனி வாசலில் நின்று வாயைத் திறந்து மூடினதை மட்டும்தான் நாங்கள் பார்த்திருப்போம். கடலில் மூழ்கி எழும்புகிற சங்குக்காரர்கள், இன்றைக்கு ரெமி மகளைக் கூப்பிட்டான், மணல் நகர்ந்தது என்று வந்து சொல்வார்கள். ஊரில் அது ஒரு சாதாரண விசயம் ஆகிவிட்டது, பஸ் வந்தது என்கிற மாதிரி.

ஏழு வயசில் அவள் ஓடுவது தாமதமாக ஆரம்பித்தது. அப்பன் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்புவாள். பிறகு தரையில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஒருநாள் மண்ணில் காதை வைத்துப் படுத்துக் கிடந்தவளை எமரா தூக்கி உட்காரவைத்துக் கேட்டாள்.

“என்னட்டி?”

“அப்பா தூரமாப் போயிட்டேயிருக்காவம்மா. எங்கயோ இன்னும் போடுதாங்க.”

எமரா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “உன்னைய என்னான்னு கூப்புடுதாவ? ஒருக்கா எனக்குச் சொல்லு. உனக்கும் கேக்காமப் போறதுக்கு முன்னால சொல்லிரு. நான் வச்சிருக்கேன்.”

பிள்ளை சொல்லித்தான் பார்த்தாள். வாயைத் திறந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, காற்றுதான் வந்தது. மூன்று தடவை பார்த்துவிட்டு, “அவ்வளவு கீழ எந்தொண்டை போவாதும்மா,” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் எமரா அலமாரியில் கல்யாணச் சேலைக்குக் கீழே வைத்திருந்த, ஊரில் அவள் மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டிராத கேசட்டை எடுத்தாள். கண்ணாடித் தாளைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். டேப்பில் போட்டு, சத்தத்தை முழுக்க வைத்து, பட்டனை அமுக்கினாள்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. குடத்துத் தண்ணீர் நடுங்கியது. பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. தெருநாய்கள் இருந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு தாடையை மண்ணில் வைத்தன. எங்கள் உள்ளங்காலில் ஏறினதும் நாங்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தோம், எந்த வீட்டிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தபோது எமரா டேப்பைக் கட்டிப்பிடித்து அதன் மேல் கன்னத்தை வைத்திருந்தாள், பிள்ளை அவள் மடியில் தலை வைத்திருந்தது. வாசற்படியில் ரெமி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். உள்ளே போய் நிறுத்த அவனுக்கு நாலு எட்டுத்தான். அவன் எழும்பவில்லை. தஸ்நேவிஸ் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார், கிராசியான் வந்து நின்றான், சாமியார் மேல்துண்டோடு வந்து நின்றார்.

முப்பது நிமிசம் ஆனது. பட்டன் டக்கென்று எழும்பியது. நாய்கள் தலையைத் தூக்கின.

ஒரு பக்கம்தான் முடிந்திருக்கிறது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். போதும்மா என்று ஒருத்தர் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நாங்கள் அத்தனை பேரும் மண்ணில் நின்று காத்திருந்தோம், போட்டுவிடக் கூடாதே என்றா, போட வேண்டுமே என்றா, அது இன்றைக்குக் கேட்டாலும் எங்களுக்குச் சொல்லத் தெரியாது.

எமரா கேசட்டைத் திருப்பிப் போட்டாள்.